கேட்போர் இல்லாத கட்டுரைகள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பயின்ற எவரும் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் எழுதியிருக்கக் கூடிய கடிதம் ஒன்று உண்டு. மேலே 'அனுப்புநர்', அதன் கீழே 'பெறுநர்', பின்னர் 'ஐயா', 'பொருள்' என்று அது தொடங்கும். தெருவிளக்கு எரியவில்லை என்றோ குடிநீர்க் குழாய் பழுதுபட்டுக் கிடக்கிறது என்றோ அது முறையிடும். 'இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள' என்று முடியும். உறைமேல் முகவரிக்கென்று ஒரு கட்டமும் வரையப்படும். அந்தக் கட்டத்துக்கு மதிப்பெண்ணும் உண்டு. ஆயினும் அந்தக் கடிதம் எந்த அஞ்சற்பெட்டியிலும் விழுவதில்லை. பெறுநராகக் குறிக்கப்பட்ட நகராட்சி ஆணையர் அதைப் பார்க்கப் போவதில்லை. அதைப் பார்ப்பவர் தேர்வுத்தாள் திருத்துபவர் ஒருவரே. அவருக்கோ அந்தத் தெருவிளக்கு எரிந்தாலும் ஒன்றுதான், எரியாவிட்டாலும் ஒன்றுதான்.

மாணவர் எழுத்தில் உயிர் இல்லை, எல்லாக் கட்டுரையும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது என்று நம்மிற் பலர் குறைப்படுகிறோம். பிழை மலிந்து கிடக்கிறது என்கிறோம். படிக்கும் பழக்கம் குறைந்துவிட்டது என்கிறோம். இவையெல்லாம் ஓரளவு உண்மையே. ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய வினா ஒன்று இருக்கிறது. இந்த மாணவர் யாருக்கு எழுதுகிறார்? எதற்காக எழுதுகிறார்? இந்த வினாவுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. அதன் சில பக்கங்களை இங்கே புரட்டிப் பார்ப்போம்.

ஒரு கலைச்சொல்லின் பிறப்பு

1968ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'மெய்யியலும் சொல்வன்மையும்' என்ற பொருள்படும் பெயரில் ஆய்விதழ் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் முதல் இதழில் லாயிட் பிட்சர் என்ற பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். கட்டுரையின் தலைப்பை 'சொல்வன்மைச் சூழல்' என்று தமிழில் சொல்லலாம். 'ரெட்டரிக்' என்ற சொல்லுக்குத் தமிழில் பலவாறு பெயர்கள் இட்டிருக்கிறார்கள். வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே சொல்வன்மை என்று பெயர் வைத்திருக்க, நாம் வேறு சொல் தேட வேண்டியதில்லை என்று கருதுகிறோம்.

பிட்சரின் கருத்து எளிமையானது. ஒரு பேச்சோ எழுத்தோ வெற்றிடத்தில் தோன்றுவதில்லை. விடை ஒரு வினாவுக்குப் பின்னால் வருவது போல, உரை ஒரு சூழலுக்கு மறுமொழியாக வருகிறது. அந்தச் சூழலுக்கு மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது, உடனே சீர்செய்ய வேண்டியதாக நிற்கும் ஒரு குறை. குறை என்றால் எல்லாக் குறையும் அன்று. சொல்லால் மாற்றத்தக்க குறை. மழைக்காலம் வருவதை உரையால் தடுக்க முடியாது. வெள்ளநீர் வடிகாலைத் தூர்வாரச் செய்ய உரையால் முடியும். இரண்டாவது, கேட்போர். இங்கேதான் பிட்சர் நுட்பமான ஒரு கோடு கிழிக்கிறார். காதில் விழுகிறவர் எல்லாரும் கேட்போர் அல்லர். உரையினால் மனம் மாறவும், மாறிய மனத்தோடு அந்தக் குறையைப் போக்கவும் வல்லவர் எவரோ அவரே கேட்போர். மூன்றாவது, வரம்புகள். சட்டம், மரபு, நம்பிக்கை, காலம், பேசுவோனின் தகுதி என எது சொல்லலாம், எது சொல்லலாகாது என்பதை வரையறுக்கும் யாவும் இதில் அடங்கும்.

இப்போது அந்தத் தேர்வுத்தாள் கடிதத்தை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். குறை கற்பனையானது. பெறுநர் கற்பனையானவர். உண்மையில் படிப்பவரோ, பிட்சர் சொல்லும் பொருளில் கேட்போர் அல்லர். அவரால் மாற்றக் கூடியது மதிப்பெண் ஒன்றே. எஞ்சி நிற்பவை வரம்புகள் மட்டுமே: இத்தனை வரி, இந்த வடிவம், இத்தனை மணித்துளி. மூன்று உறுப்புகளில் இரண்டு இல்லாமல், வரம்பை மட்டும் வைத்துக்கொண்டு எழுதச் சொன்னால் எழுத்தில் உயிர் எங்கிருந்து வரும்?

உரோமாபுரியின் கற்பனை வழக்குகள்

இந்தச் சிக்கல் புதிதன்று. உரோமப் பேரரசின் பள்ளிகளில் இது நன்கு அறியப்பட்டிருந்தது. அங்கே சொல்வன்மை பயின்ற இளைஞர்களுக்கு இருவகைப் பயிற்சிகள் தரப்பட்டன. ஒன்று, வரலாற்று மாந்தர் ஒருவருக்கு அறிவுரை சொல்லுதல். அலெக்சாண்டர் பெருங்கடலில் கலம் செலுத்தலாமா என்று அவருக்குச் சொல்ல வேண்டும். உயிர் பிழைக்கும்பொருட்டுச் சிசெரோ தம் பகைவன் அந்தோணியிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று அவருக்குச் சொல்ல வேண்டும். சிசெரோ மாண்டு பல ஆண்டுகள் ஆன பின்னரும் இளைஞர்கள் அவருக்கு அறிவுரை கூறிக்கொண்டிருந்தார்கள். மற்றொன்று, கற்பனை வழக்குகளில் வாதிடுதல். கடற்கொள்ளையர், கொடுங்கோலர், மாற்றாந்தாய், தந்தையால் கைவிடப்பட்ட மகன் ஆகியோர் இவ்வழக்குகளில் ஓயாமல் வருவார்கள். கொள்ளையர் தலைவனின் மகள், சிறைப்பட்ட இளைஞன் ஒருவனைத் தப்புவிக்கிறாள், அவளையே மணப்பதாக அவன் ஆணையிட்டு, சொன்னபடியே மணக்கிறான், அவளைத் தள்ளிவிட்டுச் செல்வம் மிக்க வேறொருத்தியை மணக்கச் சொல்கிறார் தந்தை, மகன் மறுக்கிறான், தந்தை அவனைக் கைவிடுகிறார். மகனுக்காக வாதிடு, தந்தைக்காகவும் வாதிடு என்பது மாணவருக்கு இடப்படும் பணி.

இவற்றையெல்லாம் தொகுத்து வைத்தவர் மூத்த செனக்கா. ஸ்பெயின் நாட்டுக் கொர்துபாவில் பிறந்த இவர், தம் முதுமையில், தம் புதல்வர்களின் பொருட்டு, இளமையில் கேட்ட உரைகளை நினைவிலிருந்து எழுதினார். அவருடைய தொகுப்பில் நிகழ்ச்சி ஒன்று வருகிறது. போர்சியஸ் லாத்ரோ என்பவர் அக்காலப் பள்ளி உரையாளர்களுள் தலைசிறந்தவர். கற்பனை வழக்குகளில் அவரை வெல்ல ஆளில்லை. ஒருமுறை தம் உறவினருக்காக உண்மையான வழக்கு ஒன்றில் வாதிட வேண்டி வந்தது. திறந்த வெளியில் மன்றம் கூடியிருந்தது. எழுந்து நின்ற லாத்ரோ முதல் வாக்கியத்திலேயே இலக்கணப் பிழை செய்தார். வானம் பார்த்த அந்த வெளி அவரைக் கலங்கடித்துவிட்டது. கூரையும் சுவரும் உள்ள கூடத்துக்கு மன்றத்தை மாற்றிய பின்னரே அவரால் பேச முடிந்தது. வள்ளுவர் 'அவையறிதல்' என்றும் 'அவையஞ்சாமை' என்றும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தது எத்துணைப் பொருத்தம் என்பது இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போது விளங்குகிறது. அவையை அறியாத புலமை, அவையைக் கண்டவுடன் அஞ்சுகிறது.

லாத்ரோவின் பிழையை அவருடைய அறியாமைக்குக் கணக்கெழுத முடியாது. சொல்வன்மையை அவர் மற்றவருக்குக் கற்பித்தவர். சூழல் மாறியவுடன் தெரிந்த மொழியும் நழுவியது. நம் மாணவர் தாள்களில் காணும் பிழைகளிலும் ஒரு பகுதி இவ்வகையினவாக இருக்கலாமன்றோ? நண்பருக்குத் தெளிவாகப் பேசும் இளைஞர், கட்டுரை என்றவுடன் எழுவாயும் பயனிலையும் பொருந்தாமல் எழுதுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம்.

உரோமாபுரியிலேயே இதைக் கண்டித்தவர்கள் இருந்தார்கள். அரசு ஊதியம் பெற்ற சொல்வன்மை ஆசிரியராகிய குவிண்டிலியன், பள்ளிப் பயிற்சியை வேண்டாமென்று சொல்லவில்லை. அது உண்மை வழக்கை ஒத்திருக்க வேண்டும் என்றார். சூனியக்காரரும் மாற்றாந்தாயரும் நிறைந்த வழக்குகளால் பயனில்லை என்றார். டாசிட்டஸ் இன்னும் ஆழமாகச் சென்றார். பேச்சாளர்களைப் பற்றிய அவருடைய உரையாடல் நூலில் ஒருவர் பள்ளிகளைக் குறை கூறுகிறார். மற்றொருவரோ, நாட்டின் பெரிய முடிவுகள் அனைத்தையும் ஒரே மனிதர் எடுக்கும் காலத்தில் மக்கள் மன்றப் பேச்சுக்கு என்ன வேலை என்ற பொருளில் பேசுகிறார். பள்ளி மட்டும் காரணம் அன்று, சொல்லுக்கு ஆற்றல் உள்ள மன்றங்கள் நாட்டில் இல்லாமற் போனதே காரணம் என்பது இதன் சாரம். இந்தக் கருத்தை நாம் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

ஹார்வர்டின் நுழைவுத் தேர்வு

அடுத்த பக்கம் அமெரிக்காவில் திறக்கிறது. ஹார்வர்டு கல்லூரியில் சொல்வன்மைக்கென்று ஏற்படுத்தப்பட்ட பாயில்ஸ்டன் பேராசிரியர் பதவியில் 1806இல் முதலாவதாக அமர்ந்தவர் ஜான் குவின்சி ஆடம்ஸ். பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனவர் இவரே. அன்று சொல்வன்மை என்றால் மேடைப் பேச்சு. மாணவர் எழுந்து நிற்பார், எதிரே ஆட்கள் அமர்ந்திருப்பார்கள். அவர்கள் முகம் சுளிப்பதும் தலையசைப்பதும் அவருக்குத் தெரியும்.

1869இல் சார்லஸ் எலியட் ஹார்வர்டின் தலைவரானார். அவர் காலத்தில், இதழியல் துறையிலிருந்து வந்த ஆடம்ஸ் ஷெர்மன் ஹில் எழுத்துப் பயிற்சிக்குப் பொறுப்பேற்றார். 1874இல் கல்லூரியில் சேர விரும்புவோர் ஆங்கிலத்தில் சிறு கட்டுரை ஒன்று எழுதிக் காட்ட வேண்டும் என்ற தேர்வு நடைமுறைக்கு வந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள், ஸ்காட்டின் 'ஐவன்ஹோ', கோல்டுஸ்மித்தின் 'வேக்பீல்டு பாதிரியார்' போன்ற குறிக்கப்பட்ட நூல்களிலிருந்து பொருள் தரப்படும். எழுத்து, நிறுத்தற்குறி, இலக்கணம், சொல்லாட்சி ஆகியவை பிழையறுமாறு இருக்க வேண்டும். இவையே அளவுகோல்.

கட்டுரை யாரை நோக்கியது, அதனால் என்ன நிகழ வேண்டும் என்ற வினாவுக்கு அந்த விதியில் இடமில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்போர் இருந்த இடத்தில் திருத்துவோர் வந்து அமர்ந்தார். 1885 முதல் முதலாண்டு மாணவர்களுக்கு எழுத்துப் பாடம் கட்டாயமாயிற்று. கட்டுரைகள் மலைபோல் குவிந்தன. தாளின் ஓரத்தில் பிழைக்கொரு குறியீடு இடும் வழக்கம் வேரூன்றியது. 1892இல் கல்லூரியின் மேற்பார்வைக் குழு அமைத்த மூவர் குழு ஒன்று மாணவர் எழுத்தின் தரத்தைப் பற்றிக் கடுமையான அறிக்கை வெளியிட்டது. பள்ளிகள் தம் கடமையைச் செய்யவில்லை என்று அது குற்றம் சாட்டியது. 'இக்கால மாணவருக்கு எழுதத் தெரியவில்லை' என்று நாம் இன்று சொல்வதைத்தான் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் அவர்களும் சொன்னார்கள்.

எதிர்க்குரலும் எழுந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த பிரெட் நியூட்டன் ஸ்காட், எழுத்து என்பது மனிதருக்கு மனிதர் செய்யும் தொடர்பு, அதைச் சமூகத்திலிருந்து பிரித்துப் பிழைக்கணக்காகச் சுருக்கலாகாது என்று வாதிட்டார். கல்லூரிகள் நுழைவுத் தேர்வின் வழியே பள்ளிகளை ஆட்டிப்படைப்பதை எதிர்த்த ஆசிரியர்கள் 1911இல் ஆங்கில ஆசிரியர்களுக்கான தேசிய அமைப்பைத் தோற்றுவித்தபோது, அதன் முதல் தலைவரானவர் இவரே.

சென்னையில் நிகழ்ந்தது

ஹார்வர்டின் நுழைவுத் தேர்வுக்குப் பதினேழு ஆண்டுகள் முன்னதாகவே, 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிவிட்டது. இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றி அமைந்த அது தொடக்கத்தில் பாடம் நடத்தும் நிறுவனம் அன்று, தேர்வு நடத்தும் நிறுவனம். கற்பிப்பவர் ஓரிடத்தில், தேர்வு வினா தருபவரும் திருத்துபவரும் வேறோர் இடத்தில். மாணவர் தம் எழுத்தைப் படிக்கப் போகிறவரின் முகத்தைக் கண்டதில்லை.

அதற்கு முன் தமிழ் கற்ற முறையில் பல குறைகள் உண்டு. அதை நாம் பொற்காலம் என்று கொண்டாட வேண்டியதில்லை. யாருக்குக் கல்வி கிட்டியது, யாருக்குக் கிட்டவில்லை என்பதை மறந்துவிட்டுப் பேசுவது அறமாகாது. ஆனால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்லும்போது, கொடுத்தவர் எதிரே இருப்பார். புரவலரிடம் உதவி வேண்டிச் சீட்டுக்கவி எழுதினால், அது உரியவரிடம் போய்ச் சேரும். நெல்லாகவோ பொருளாகவோ மறுமொழியும் வரும். நூல் இயற்றினால் அவையில் அரங்கேற்ற வேண்டும். தடை எழுப்புவோர்க்கு விடை சொல்ல வேண்டும். பயிற்சி எழுத்துக்குக்கூடக் கேட்போர் இருந்தனர்.

இவ்விரு உலகங்களின் எல்லைக்கோட்டில் நின்றவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை (1832-1901). சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர் அவர். முகம் தெரியாத தேர்வாளருக்கு எழுதி வென்ற முதல் தலைமுறை அது. ஆனால் இன்று நாம் அவரை நினைப்பது அந்தத் தேர்வுத்தாள்களுக்காக அன்று. 'வீரசோழியம்' (1881), 'தொல்காப்பியப் பொருளதிகாரம்' (1885), 'கலித்தொகை' (1887) முதலிய பதிப்புகளுக்காகவும், அவற்றுக்கு அவர் எழுதிய பதிப்புரைகளுக்காகவும் நினைக்கிறோம்.

அப்பதிப்புரைகளைப் பிட்சரின் கண்கொண்டு பார்த்தால் வியப்பாக இருக்கும். குறை கண்ணெதிரே நிற்கிறது: ஏடுகள் தொட்டால் ஒடிகின்றன, செல்லரித்துப் போகின்றன, இன்று அச்சேறாவிட்டால் நாளை நூலே இல்லை. கேட்போர் தெளிவாக இருக்கின்றனர்: வீட்டில் ஏடு வைத்திருப்போர், பொருள் உள்ளோர், பிழை கண்டால் திருத்தவல்ல புலவர். வரம்புகளும் தெரிகின்றன: கிடைத்த படிகள் சிலவே, அவையும் தம்முள் மாறுபடுவன, பழிப்பவரோ பலர். அதனால்தான் அவ்வுரைநடையில் இரக்கமும் சினமும் எள்ளலும் வேண்டுகோளும் அடுத்தடுத்து வந்து விழுகின்றன. அந்த உணர்ச்சிகளைத் தந்தது அணியிலக்கணப் பயிற்சி மட்டும் அன்று. யாரிடம், எதற்காகப் பேசுகிறோம் என்ற தெளிவும் தந்தது.

பாயிரம் சொன்ன பாடம்

பிட்சர் கண்டது முற்றிலும் புதிதா? நம் பாயிர மரபை அறிந்தவர்கள் புன்முறுவல் பூப்பார்கள். பவணந்தி முனிவரின் நன்னூல், சிறப்புப் பாயிரத்தில் இருக்க வேண்டியவை எட்டு என்கிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். இவற்றோடு காலம், களன், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்வோரும் உளர் என்று குறிக்கிறது. ஆகப் பதினொன்று. நூலுக்குள் நுழையுமுன், இதை யார் செய்தார், எதைப் பற்றிச் செய்தார், யாருக்காகச் செய்தார், எதனால் செய்தார், எங்கே எப்போது வெளியிட்டார், இதனால் என்ன விளையும் என்று அனைத்தையும் சொல்லிவிட வேண்டும். பிட்சர் முதலில் வைக்கும் குறைக்கு நெருங்கியது 'காரணம்'. அவர் சொல்லும் கேட்போருக்கு நம்மவர் வைத்த பெயரும் கேட்போரே.

தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் இதற்குச் சான்று. வடவேங்கடம் முதல் தென்குமரி வரை என்ற எல்லை, நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவை என்ற களன், அதங்கோட்டு ஆசான் என்ற கேட்போர் எல்லாம் அதில் உள்ளன. இறையனார் அகப்பொருள் உரையிலோ காரணம் கதையாகவே வருகிறது. பாண்டிநாட்டில் பன்னீராண்டு வற்கடம். அது நீங்கிய பின் பொருளதிகாரம் வல்லார் எவரும் கிடைக்கவில்லை. அக்குறையைப் போக்கவே நூல் தோன்றிற்று. உரைகளுள் எது மெய்யுரை என்று தீர்மானிக்க, வாய் பேசாத சிறுவனாகிய உருத்திரசன்மன் அமர்த்தப்படுகிறான். நக்கீரர் உரை கேட்டு அவன் கண்ணீர் சொரிகிறான், மெய் சிலிர்க்கிறான். கதையின் வரலாற்று உண்மை ஒருபுறம் இருக்கட்டும். உரையின் தகுதியைக் கேட்போன் மெய்யில் காணலாம் என்று நம் முன்னோர் கருதியதை அது காட்டுகிறது.

தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் முப்பத்து நான்கு உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், முன்னம் என்பனவும் உண்டு. இவை செய்யுளுக்கு உள்ளே நிகழும் பேச்சைப் பற்றியவை. தலைவி கூற, தோழி கேட்பதைப் பற்றியவை. பாயிரத்தின் கேட்போரோ நூலுக்கு வெளியே இருப்பவர். இந்த வேறுபாட்டை மறக்கலாகாது. ஆயினும் முன்னம் என்பதன் விளக்கம் நம் வினாவுக்கு மிக நெருங்கியது. எந்த இடத்தில் எந்தச் சொல்லை யார் யாருக்குச் சொல்லுதல் தகும் என்று உணர்ந்துகொள்ளுமாறு அமைவதே முன்னம். இதைவிடச் சுருக்கமாகச் சொல்வன்மைச் சூழலை வரையறுப்பது கடினம்.

இதனால் 'எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது' என்று மார்தட்ட வேண்டாம். இருந்ததை நாம் என்ன செய்தோம் என்பதே கேள்வி. பாயிர உறுப்புகளை ஐந்து மதிப்பெண் வினாவாக்கி மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அதே மாணவர் அடுத்த மணிநேரத்தில் கேட்போரும் களனும் காரணமும் இல்லாத கட்டுரையை முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பிரித்து எழுதுகிறார். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

சூழல் கிடைப்பதா, படைப்பதா?

பிட்சருக்கு மறுப்பும் எழுந்தது. 1973இல் ரிச்சர்டு வாட்ஸ் என்பவர், சூழல் தானாக வெளியே கிடப்பதில்லை என்றார். எண்ணற்ற நிகழ்ச்சிகளுள் ஒன்றைத் தேர்ந்து, 'இது குறை, இதைக் கவனியுங்கள்' என்று சொல்பவரே சூழலைப் படைக்கிறார் என்பது அவர் வாதம். 1975இல் வால்டர் ஓங், எழுதுவோனின் கேட்போர் எப்போதும் ஒரு புனைவே என்றார். கோடை விடுமுறையைப் பற்றி எழுதச் சொல்லப்பட்ட மாணவரை அவர் எடுத்துக்காட்டாகத் தருகிறார். அதைத் தெரிந்துகொள்ள ஆசிரியருக்கு ஆவல் இல்லை; நண்பர்களுக்கும் இல்லை. பின் யாருக்குச் சொல்வது? தாம் படித்த ஓர் எழுத்தாளர் எத்தகைய வாசகரை மனத்தில் வைத்து எழுதினாரோ, அத்தகைய வாசகரைத் தாமும் புனைந்துகொள்ளும்போதே அவரால் எழுத முடிகிறது.

அதே 1975இல் இலண்டனில் ஜேம்ஸ் பிரிட்டன் குழுவினர் பதினொன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ள மாணவர்களின் ஏறத்தாழ இரண்டாயிரம் எழுத்துகளை ஆராய்ந்து நூல் வெளியிட்டார்கள். ஒவ்வொன்றும் யாரை நோக்கி எழுதப்பட்டது என்று வகைப்படுத்தினார்கள். ஏறத்தாழப் பாதி, தேர்வாளராக நிற்கும் ஆசிரியரை நோக்கியவை. ஆசிரியரைத் தவிர வேறொருவரை நோக்கி எழுதப்பட்டவை மிகச் சிலவே.

இம்மூவரையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். உண்மைச் சூழல் வந்து சேரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. சூழலைக் காண்பதும் வாசகரைப் புனைவதும் கற்றுக்கொள்ளத்தக்க திறன்களே. ஆனால் ஒருமுறையேனும் உண்மையான வாசகர் ஒருவரைச் சந்தித்திராத மாணவர் எதைக் கொண்டு புனைவார்?

நம் வகுப்பில் கண்ட ஒன்றை இங்கே குறிப்பிடலாம். இளங்கலை மாணவர் ஒருவர் 'நீரின்றி அமையாது உலகு' என்ற தலைப்பில் எழுதிய கட்டுரை, நாம் முன்னர் நூறுமுறை படித்த கட்டுரையாகவே இருந்தது. அதே திங்களில் விடுதியில் மூன்று நாள் தண்ணீர் வரவில்லை. விடுதி மாணவர் சார்பில் காப்பாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதப்பட்டது. எழுதியவர் அவரே. எந்த மாடியில் எத்தனை பேர், எந்த நேரத்தில் மோட்டார் இயங்கியது, லாரித் தண்ணீர் எத்தனை குடம் வந்தது, தேர்வு நெருங்குவதால் என்ன இடர் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருந்தார். காப்பாளரின் இக்கட்டையும் ஒரு வரியில் ஒப்புக்கொண்டு, பின் தம் வேண்டுகோளை வைத்திருந்தார். பிழைகள் இரண்டோ மூன்றோ இருந்தன. ஆனால் தேவையற்ற சொல் ஒன்றில்லை. முதல் கட்டுரையில் தண்ணீர் ஒரு தலைப்பு. இரண்டாவதில் நாற்பது பேரின் குளியலும் குடிநீரும். அந்த மாணவருக்கு எழுதத் தெரியும். நாம் கொடுத்த பணி அந்தத் திறனைத் தொடவில்லை, அவ்வளவே.

செய்யத்தக்கன

பாடத்திட்டத்தையும் தேர்வு முறையையும் ஓர் ஆசிரியர் தனியே மாற்றிவிட முடியாது. ஆயினும் வகுப்பறையின் எல்லைக்குள் சில செய்யலாம். கட்டுரைத் தலைப்பைத் தரும்போதே பாயிரத்தின் பதினொன்றில் ஐந்தையேனும் மாணவரைக் கேட்கலாம்: இதில் நீ யாராகப் பேசுகிறாய், கேட்போர் யார், களன் எது, காரணம் என்ன, பயன் யாது? 'நூலகத்தின் பயன்' என்ற தலைப்பு, 'ஊர் நூலகத்தை மாலை எட்டு மணி வரை திறந்து வைக்குமாறு நூலகருக்கு' என்று மாறும்போது, முன்னுரை எழுதுவது எப்படி என்ற கேள்வியே எழாது. எழுதிய கடிதங்களுள் நல்லவற்றை உண்மையிலேயே அஞ்சலில் சேர்க்கலாம். மறுமொழி வந்தால் அதையும் வகுப்பில் படிக்கலாம். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஆராய்வதும் பாடமே. ஒரே செய்தியைத் தாய்க்கும், ஊராட்சித் தலைவருக்கும், செய்தித்தாளுக்குமாக மூன்று விதத்தில் எழுதச் சொல்லலாம். எது மாறுகிறது, எது மாறவில்லை என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்து, பிழையைச் சுட்டாமல், 'இந்த இடத்தில் எனக்கு இது விளங்கவில்லை' என்று மட்டும் சொல்லச் செய்யலாம். அரங்கேற்ற அவையின் தடையும் விடையும் சிறு அளவில் மீண்டும் வரும்.

இது முன்பைவிட இப்போது அவசரமாகிவிட்டது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வந்த பின், கேட்போரும் களனும் காரணமும் இல்லாத கட்டுரையை நொடியில் எழுதித் தரும் கருவி மாணவரின் சட்டைப்பையில் இருக்கிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் அதற்குத் தலைகீழ்ப் பாடம். மாணவர் ஏமாற்றுகிறார் என்று நாம் வருந்துகிறோம். யாருக்கும் சொல்லாத ஒன்றை யாரும் எழுதலாம் என்றால், அதை இயந்திரம் எழுதினால் என்ன என்று அவர் நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் விடுதியில் தண்ணீர் வராத மூன்று நாள்களை, எந்த மாடியில் யார் தவித்தார் என்பதை, அங்கே இருந்தவரே சொல்ல வேண்டும்.

டாசிட்டஸின் எச்சரிக்கையையும் நாம் மறக்கலாகாது. சொல்லால் எதுவும் மாறாது என்று இளைஞர்கள் நம்பத் தொடங்கிவிட்டால், எந்த எழுத்துப் பயிற்சியும் கடைத்தேறாது. எழுதினால் ஒருவர் படிப்பார், படித்தால் ஏதேனும் ஒன்று அசையும் என்ற நம்பிக்கையை வகுப்பறையில் ஒருமுறையேனும் அவர்களுக்குத் தந்தாக வேண்டும். அது தமிழாசிரியர் கடமை மட்டும் அன்று. மாணவர் விண்ணப்பம் வந்து சேரும் ஒவ்வொரு மேசைக்கும் அதில் பங்கு உண்டு.

இக்கட்டுரையின் கேட்போர் தமிழ் கற்பிக்கும் அன்பர்களும் தமிழில் எழுதப் பழகும் இளைஞர்களும் ஆவர். தத்தம் வகுப்பறைகளில் இவ்வாறு செய்து பார்த்தோர் தம் பட்டறிவைப் பகிர்ந்துகொண்டால், இங்கு சொன்னவற்றைத் திருத்தியும் விரித்தும் கொள்ள நமக்கு உதவியாக இருக்கும்.